ஒண்ட வந்த பிடாரி: கடிதமும் பதிலும்

வணக்கம்.

அமெரிக்காவின் ஆரம்பகால ஆங்கிலக் குடியேறிகள் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். ஒன்று உறுத்துகிறது. இன்றைய மாசசூசெட்ஸ் கடற்கரையில் உள்ள பிளிமத்தில் வந்திறங்கியவர்களில் பாதிப் பேர் முதல் குளிர்காலத்திலேயே செத்துப்போனார்கள். மிச்சப் பேரை அங்கிருந்த வாம்பனோவாக் பழங்குடியின் தலைவர் மாசசாயிட் ஒரே ராத்திரியில் முடித்திருக்கலாம். அதை விட்டுவிட்டு ஒப்பந்தம் போட்டார். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதானே? இவரை ஏமாளி என்பதா, சுயநலக்காரர் என்பதா?

கே.

அன்புள்ள கே.,

ஏமாளி என்று எனக்குத் தோன்றவில்லை. சுயநலம் இருந்தது, சரி. எந்தத் தலைவருக்குத்தான் இல்லை?

1616 முதல் 1619 வரை, ஐரோப்பியக் கப்பல்களோடு வந்த கொள்ளைநோய் அந்தக் கடற்கரையைத் துடைத்துப் போட்டது. பிளிமத்தே அப்படி ஆளற்றுப்போன பட்டுக்ஸெட் ஊரின் மேல்தான் எழுந்தது. மேற்கே இருந்த நாரகான்செட் மக்களுக்கு அந்த நோயால் பெரிய சேதமில்லை. ஆள் குறைந்துபோன மாசசாயிட்டை மிரட்டிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்தான். 1621 மார்ச்சில் அறுபது வீரர்களோடு வந்து அவர் செய்த ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு: அவர்மேல் யாராவது அநியாயமாகப் படையெடுத்தால் ஆங்கிலேயர் துணைக்கு வர வேண்டும். அவர் வந்ததே அந்த வரிக்காகத்தான். பின்னால் ஆயிரக்கணக்கில் கப்பலேறி வருவார்கள் என்பது நமக்குத் தெரியும்; அவருக்கு எப்படித் தெரியும்?

ஆனால் வெறும் கணக்கு மட்டும்தானா என்றால், அங்கேதான் எனக்கும் தடுமாற்றம். 1623 மார்ச்சில் அவர் சாகக் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டு பிளிமத்திலிருந்து குடியேறிகளில் ஒருவரான எட்வர்ட் வின்ஸ்லோ போகிறார். குடிசை நிறைய ஆட்கள். கண் தெரியாமல் கிடந்தவர் கையை நீட்டி, "வின்ஸ்னோவா?" என்று கேட்கிறார். அவர் நாக்கில் லகரம் வராது. வின்ஸ்லோ கத்திமுனையில் பழப்பாகு எடுத்துப் பல்லிடுக்கு வழியே ஊட்டி, வாயைக் கழுவி, தடித்து வீங்கிய நாக்கைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். அரை மணி நேரத்தில் நோயாளி தேறத் தொடங்கினார். தேறியதும் என்ன செய்தார் தெரியுமா? ஊரில் நோயாய்க் கிடந்த மற்றவர்களின் வாயையும் இதேபோல் கழுவிவிடச் சொன்னார். நாற்றம் தாங்காவிட்டாலும் வின்ஸ்லோ செய்தார். இதையெல்லாம் எழுதிவைத்தவரும் அவர்தான்.

அதற்குக் கைம்மாறாக மாசசாயிட் கொடுத்தது ஒரு துப்பு: வடக்கே மாசசூசெட் மக்கள் ஆங்கிலேயரைத் தாக்கத் திட்டமிடுகிறார்கள். அதை வைத்து பிளிமத்தின் படைத்தலைவர் ஸ்டாண்டிஷ் போய்ச் சிலரைக் கொன்றார். மாசசாயிட்டைக் குறை சொல்வதானால் நான் இந்த இடத்தில்தான் சொல்வேன். 1621 ஒப்பந்தத்தில் இல்லை.

அவர் இருந்தவரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், ஒப்பந்தம் முறியவில்லை. 1662இல் மூத்த மகன் வாம்சுட்டாவை ஆங்கிலேயர் விசாரணைக்கு இழுத்துப்போனார்கள். அவர் நோயில் விழுந்து இறந்தார். இளையவர் மெட்டகாம் 1675இல் போர் தொடுத்தார். அடுத்த ஆண்டு கொல்லப்பட்டு, அவர் தலை பிளிமத்தில் கழியில் செருகப்பட்டுப் பல ஆண்டுகள் நின்றது. வாம்சுட்டாவைப் பிடிக்கப் போனவரும், மெட்டகாமின் போரின்போது பிளிமத்தின் ஆளுநராக இருந்தவரும் ஒருவரே: ஜோசயா வின்ஸ்லோ. அன்று நாக்கைச் சுரண்டிய எட்வர்டின் மகன்.