வளைவதுதான் அதன் வேலை

கேள்வி: எங்கள் ஊர்ப் புறவழிச்சாலையில் சென்ற மாதம் ஒரு கார், சாலையோர இரும்புத் தடுப்பில் மோதியது. காரில் இருந்தவர்கள் சிராய்ப்புகளுடன் தப்பினார்கள். தடுப்போ நான்கைந்து தூண்களோடு சாய்ந்து, இன்னும் அப்படியே கிடக்கிறது. ஒரு காரைக்கூடத் தாங்காத தடுப்பு எதற்கு? கான்கிரீட் சுவரே கட்டிவிடலாமே?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: காரில் இருந்தவர்கள் தப்பினார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆகவே அந்தத் தடுப்பு தன் வேலையைச் செய்துவிட்டது. காரை அந்த இடத்திலேயே நிறுத்துவது அதன் நோக்கமன்று. சாய்வாக வந்து உரசும் வாகனத்தின் வேகத்தை, தகடு நசுங்குவதாலும் தூண்கள் மண்ணில் சாய்வதாலும் சிறிது சிறிதாகத் தின்று, பள்ளத்தில் விழாமல் மீண்டும் சாலையின் போக்கிலேயே திருப்பிவிடுவதுதான் அதன் நோக்கம். அமெரிக்காவில் நெடுஞ்சாலைத் தடுப்புகளை 2,270 கிலோ எடையுள்ள பிக்கப் வண்டியை மணிக்கு 100 கி.மீ. வேகத்தில், 25 பாகைக் கோணத்தில் மோதவிட்டுச் சோதிக்கிறார்கள். 1,100 கிலோ சிறிய காருக்கும் தனிச் சோதனை உண்டு; ஏனெனில் கனமான வண்டியைத் தாங்குகிற தடுப்பு, சிறிய காரில் இருப்பவரை நொறுக்கிவிடக் கூடாது.

கான்கிரீட் சுவர் வளைவதில்லை. எனவே அடியின் பெரும்பங்கு காருக்கும் அதில் இருப்பவருக்கும் போகிறது. தடுப்பு பின்வாங்க இடமே இல்லாத பாலங்களுக்கும், எதிர்த்திசை வாகனங்கள் ஒட்டிச் செல்லும் குறுகிய நடுத்திட்டுக்கும் அது பொருந்தும். இரும்புத் தடுப்புக்கோ பின்னால் வெற்றிடம் வேண்டும். அதை ஒட்டியே மின்கம்பம் நட்டிருந்தால் பயன் பாதியாகிவிடும்.

இதில் கவலைப்பட வேண்டியது தகட்டின் கனத்தைவிட அதைப் பொருத்திய விதத்தைத்தான். இரண்டு தகடுகள் சேரும் இடத்தைப் பாருங்கள்: ஓடு வேய்வது போல, வாகனம் வரும் பக்கத்துத் தகடு அடுத்த தகட்டின் மேல் படிந்திருக்க வேண்டும். மாற்றிப் பூட்டினால், எதிர்நோக்கி நிற்கும் விளிம்பு காரில் சிக்கிக்கொள்ளும். தகட்டுக்கும் தூணுக்கும் இடையே உள்ள துண்டை வீண் செலவு என்று எண்ண வேண்டாம்; சக்கரம் தூணில் மாட்டாமல் காப்பது அதுவே. சாலையின் மேல் தார் அடுக்கை ஏற்றிக்கொண்டே போனால் தடுப்பின் உயரம் தானாகக் குறைந்து, உயரமான வண்டி அதைத் தாண்டிக் கவிழலாம்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது முனை. மொட்டையாக விட்ட முனை ஈட்டியைப் போலக் காருக்குள் பாயும். அதற்கு மாற்றாக முனையைச் சரித்து மண்ணில் புதைத்துப் பார்த்தார்கள். வேகமாக வந்த கார்கள் அதில் சறுக்கேறிக் கவிழ்ந்தன. இப்போதைய முனைகளில் ஒருவகை, மோதும்போது தகட்டைப் பட்டையாக நசுக்கிப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே வேகத்தைக் குறைக்கிறது. வண்டி மோதும்போது தகடு கட்டிய கயிறு போல இழுபட்டு நின்றே தாங்குவதால், முனை மண்ணில் உறுதியாகக் கட்டுண்டிருப்பதும் அவசியம். இருசக்கர வாகன ஓட்டிகளுக்கு மட்டும் இந்தத் தடுப்பு நல்ல துணையன்று. விழுந்து சறுக்குபவர் மோதுவது தூண்களில்தான்.

சாய்ந்து கிடக்கும் தடுப்பு அடுத்த காரைக் காக்காது; சேதமடைந்த பகுதியை மாற்றியே ஆக வேண்டும். உங்கள் புறவழிச்சாலை தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால், அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணைக் குறித்துக்கொண்டு 1033-க்கு அழையுங்கள்.