தாய்மாமனின் வில்

அன்புள்ள ஐயா,

வணக்கம். அமெரிக்காவில் உங்கள் கென்டக்கி நாட்களைப் பற்றிப் படித்த பிறகுதான், ப்ளூகிராஸ் என்ற அமெரிக்க கிராமிய இசையின் தந்தை எனப்படும் மாண்டலின் கலைஞர் பில் மன்றோவைக் கேட்க ஆரம்பித்தேன். அப்பா வைத்திருந்த ஸ்ரீனிவாஸ் கேசட்டுகளால் மாண்டலின் மேல் சிறுவயதிலிருந்தே ஆசை உண்டு. இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒன்று வாங்கினேன். எந்தத் தந்தி, எந்த ஃப்ரெட் (வாத்தியத்தின் கழுத்தில் உள்ள குறுக்குக் கம்பி) என்று எண்ணால் குறித்த டேப்லேச்சரை வைத்துக்கொண்டு, யூடியூபில் பாதி வேகத்தில் ஓடவிட்டு, மன்றோவின் ‘ராஹைட்’டையும் ‘ப்ளூகிராஸ் பிரேக்டவு’னையும் சுரம் சுரமாகப் பிடித்துவிட்டேன். முக்கால் வேகம் வரை வருகிறது. ஆனால் பதிவு செய்து கேட்டால் அவர் மாதிரி இல்லை. பயிற்சிப் பாடம் மாதிரி இருக்கிறது.

சில இடங்களில் மன்றோ பிசகுகிறார். ஒரு தந்தியை வாசிக்கும்போது பக்கத்துத் தந்தியும் சேர்ந்து ஒலிக்கிறது, சில சுரங்கள் தெளிவாக விழுவதில்லை. அந்த இடங்களைத் திருத்தி வாசிக்கிறேன். சரிதானே? விலை உயர்ந்த மாண்டலின் வாங்கினால் அவருடைய நாதம் வருமா? தந்தியைத் தட்டும் சிறு தகடான பிக் எவ்வளவு கனம் இருக்க வேண்டும்? முழு வேகத்துக்கு எத்தனை மாதம் ஆகும்? கோவையில் இருந்துகொண்டு உனக்கு எதற்கு இந்த இசை என்று கேட்கும் நண்பர்களுக்கு என்ன சொல்வது?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

பில் மன்றோவுக்கு ஆசான் என்று சொல்லத்தக்க இரண்டு பேரும் ஓர் இசைத்தட்டுகூட விட்டுச் செல்லவில்லை. ஒரு மாதமாக என் மனம் இதையே சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. அதில் ‘திருத்தி வாசிக்கிறேன்’ என்ற இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. இரண்டு வருடம் தனியாக உட்கார்ந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்களே என்று மனம் இளகவும் செய்தது. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் சின்னக் கேள்விகள். மாண்டலினை மாற்ற வேண்டாம். மன்றோவின் கையில் இருந்தது, கிப்சன் நிறுவனத்தில் வாத்தியங்களை வடிவமைத்த லாயிட் லோர் 1923 ஜூலை 9 அன்று கையெழுத்திட்ட கிப்சன் எஃப்-5. மயாமியில் ஒரு முடிதிருத்தும் கடையில் கிடந்ததை 150 டாலருக்கு வாங்கினார். ஆனால் அண்ணன் சார்லியோடு சேர்ந்து 1936-இல் அவர் பதிவு செய்த தட்டுகளில் ஒலிப்பது அந்த மாண்டலின் இல்லை, அதற்கு முந்தையது. கேட்டுப் பாருங்கள், வாத்தியம் வேறு, கை அதே கை. பிக் கொஞ்சம் கனமாகவே இருக்கட்டும். நண்பர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள்.

சரி, இப்போது ‘பிசகு’க்கு வருகிறேன்.

மன்றோ 1911-இல் கென்டக்கி மாநிலத்தில் ரோஸின் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் பிறந்தவர். எட்டுப் பிள்ளைகளில் கடைசி. ஒரு கண் உள்நோக்கித் திரும்பியிருந்தது, பார்வையும் குறைவு. அயலார் வீட்டுக்கு வந்தால் ஓடிப்போய்க் களஞ்சியத்தில் ஒளிந்துகொள்ளும் பையன். கண் கொடுக்காததையெல்லாம் காதால் வாங்கிக்கொண்டு வளர்ந்தவர். அண்ணன்மார் ஃபிடிலையும் (நம் வயலின்தான்) கிட்டாரையும் எடுத்துக்கொண்டதால் மிச்சமிருந்த மாண்டலின் இவருக்கு வந்தது. அதிலும் எட்டுத் தந்தியில் நாலைத்தான் பூட்ட வேண்டும், சத்தம் அதிகம் வரக்கூடாது என்று கட்டளை. பத்து வயதில் அம்மா போனார். பதினாறு வயதில் அப்பாவும் போனார். பிறகு சில காலம் பெண்டில்டன் வாண்டிவர் என்பவரின் சின்ன மரவீட்டில் அவரோடு தங்கினார்.

உலகம் அவரை ‘அங்கிள் பென்’ என்று அறியும், மன்றோவின் பாட்டால். ஆங்கிலத்தில் அங்கிள் என்றால் பெரியப்பாவா, சித்தப்பாவா, மாமாவா என்று தெரியாது. நமக்குத் தெரிந்தாக வேண்டும். பெண்டில்டன், மன்றோவின் அம்மா மலிஸாவுடன் பிறந்தவர். தாய்மாமன். தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளையைத் தாய்மாமன் வைத்துக்கொண்டார் என்று சொன்னால் நம் ஊரில் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மாமா ஃபிடில் வாசிப்பவர். ராத்திரியில் பண்ணைவீடுகளில் நடனத்துக்கு வாசிக்கப் போவார். மருமகன் கிட்டாரோடு அவர் கோவேறு கழுதைமேல் பின்னால் ஏறிக்கொள்வான். ஃபிடிலுக்கும் மாண்டலினுக்கும் சுருதி கூட்டுவது ஒரே மாதிரிதான்: ஜி, டி, ஏ, இ. ஆகவே மாமாவின் இடக்கை விரல்கள் போகும் வழியில் மருமகனின் விரல்களும் போகலாம். சிக்கல் வலக்கையில். மாமாவிடம் வில் இருக்கிறது. வில்லை இழுக்கும் வரை சுரம் நிற்கும். மாண்டலினில் தட்டிய மறுகணமே சுரம் செத்துப்போகும். அந்தப் பையன் வாழ்நாள் முழுக்கச் செய்தது என்ன தெரியுமா? மாமாவின் வில்லைத் தன் பிக்குக்குள் கொண்டுவந்தான். நீண்ட இழுப்பு அவன் கையில், ஒரே சுரத்தை வேகமாக விடாமல் தட்டும் ட்ரெமலோ ஆனது. குட்டி இழுப்புகள் மேலும் கீழுமான வெட்டுகளாயின. வில் ஒரு தந்தியிலிருந்து இன்னொன்றுக்குச் சாயும்போது இரண்டும் ஒரு கணம் சேர்ந்து பேசும் இல்லையா?

அதைத்தான் நீங்கள் பிசகு என்கிறீர்கள். பக்கத்துத் தந்தி சேர்ந்து ஒலிக்கிறதாம்! அது தாய்மாமனின் வில், ஐயா. அதையா துடைத்து எடுத்தீர்கள்?

தெளிவாக விழாத சுரங்கள் என்று சொன்னீர்களே, அங்கே இன்னொருவர் இருக்கிறார். ஆர்னால்ட் ஷுல்ட்ஸ். நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்த கறுப்பினக் கலைஞர். கிட்டாரும் ஃபிடிலும் வாசித்தவர். நடனங்களில் அவருக்குப் பக்கவாத்தியமாகச் சிறுவன் மன்றோ கிட்டார் வாசித்திருக்கிறார். கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸ் அவரிடமிருந்து வந்தது. ப்ளூஸின் காந்தாரம் சாதாரண காந்தாரத்திலும் நிற்காது, அந்தர காந்தாரத்திலும் நிற்காது. நடுவில் எங்கோ வலிக்கும். ஃப்ரெட் வைத்த மாண்டலினில் அந்த இடம் கிடையாது. அதனால் மன்றோ ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போவார். உங்கள் டேப்லேச்சரில் அது ஒற்றை எண்ணாகத்தான் இருக்கும். ஷுல்ட்ஸ் 1931-இல் இறந்தார். மாமாவைப் போலவே அவர் வாசிப்பும் எந்தத் தட்டிலும் இல்லை. மன்றோவின் கைவழியாக மட்டும்தான் இந்த இருவரையும் இன்று கொஞ்சமாவது கேட்க முடியும். நீங்கள் அந்த இடங்களாகப் பார்த்துத் தேடிப் பிடித்துத் திருத்தியிருக்கிறீர்கள்.

ஸ்ரீனிவாஸ் கேசட் கேட்டு வளர்ந்தவர் நீங்கள். அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், சிறுவன் ஸ்ரீனிவாஸ் அந்தப் பாட்டை வாத்தியத்தில் பிடிப்பார். ஒருவர் குரலிலிருந்து கற்றார், ஒருவர் வில்லிலிருந்து கற்றார். எண்களிலிருந்து கற்ற ஒருவரை எனக்குக் காட்டுங்கள்.

பாதி வேகத்தில் ஓடவிடுவதையும் நிறுத்துங்கள். பாதி வேகத்தில் எல்லா சுரமும் கேட்கும், ஆனால் பாதம் கேட்காது. ஏன் பாதம் என்கிறேன் என்றால் அதற்கு ஒரு கதை உண்டு.

2004-இலிருந்து மூன்று வருடம் வேலைக்காகக் கென்டக்கியின் லூயிவில் நகரத்தில் இருந்தேன். ஊருக்கு வெளியே ஒரு பெரியவர் வீட்டு கராஜில் ஞாயிறு மதியம் நாலைந்து பேர் கூடி வாசிப்பார்கள். அந்தப் பெரியவர் கிழக்கு கென்டக்கியில் சுரங்க வேலை பார்த்து நுரையீரல் கெட்டவர். நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கும். இண்டியானாவில் பீன் பிளாசம் என்ற ஊரில் மன்றோ 1967-இல் தொடங்கிய இசைவிழாவுக்கு வருடா வருடம் போனவர். மன்றோவின் வலது மணிக்கட்டு தெரிகிற பக்கமாக இடம் தேடி உட்காருவாராம். முகத்தைப் பார்த்ததே குறைவு என்பார்.

அவர் எனக்கு ஒரு குளிர்காலம் முழுக்க மெட்டு எதையும் சொல்லித்தரவில்லை. சாப் மட்டும்தான். நான்கு விரலையும் நான்கு ஜோடித் தந்திகளில் அழுத்தி, பிக்கால் ஒரே வீச்சில் வெட்டி, ஒலி எழுந்த அதே கணத்தில் இடக்கை விரல்களைத் தளர்த்திவிட வேண்டும். தந்தி அடங்கி ‘சக்’ என்ற ஓசை மட்டும் மிஞ்சும். பாஸ் வாத்தியம் ‘தும்’ என்று விழும், அதற்கு எதிர்த்தட்டில் இந்த ‘சக்’. மன்றோவின் குழுவில் டிரம் கிடையாது, மாண்டலின்தான் டிரம். நாலு பேரைத் தூக்கி நிறுத்துவது அந்த ஒற்றை ஓசை. தும், சக், தும், சக். மூன்று மாதம்.

எனக்குப் பொறுக்கவில்லை. நானும் உங்களைப் போல வீட்டில் ரகசியமாக ‘ராஹைட்’டைப் பழகிக்கொண்டு போய் ஒருநாள் அவர்முன் வாசித்தேன். ஒரு சுரம் தவறவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் சமையலறைப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மாளுக்கு எழுபது தாண்டியிருக்கும். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். கராஜின் சிமெண்டுத் தரையில் ஒரு ப்ளைவுட் பலகை எப்போதும் கிடக்கும். அது எதற்கென்று நான் கேட்டதே இல்லை. அதன்மேல் ஏறி நின்று ஆடத் தொடங்கினார். ஃப்ளாட்ஃபுட் என்பார்கள். இடுப்புக்கு மேல் உடம்பு அசையவே அசையாது. பாதம் பலகையைவிட்டு ஒரு விரல்கடை உயர்ந்தால் அதிகம். ஆனால் குதிகாலும் முன்பாதமும் சேர்ந்து மரத்தில் ஒரு முழுத் தாளத்தைப் பேசின. பெரியவர் என்னைப் பார்த்து, வாசி என்று தலையை அசைத்தார்.

நாலு சுற்று வாசித்திருப்பேன். அந்த அம்மாள் நின்றுவிட்டார். “உன் பாட்டுக்கு ஆட முடியவில்லை, தம்பி. என் குதிகால் விழுவதற்கு முன்னால் ஓடிவிடுகிறாய்” என்றார். அதில் கண்டிப்பே இல்லை, சோறு ஆறிப்போய்விட்டது என்கிற மாதிரி சொன்னார். பிறகு பெரியவர் அதே மெட்டை வாசித்தார். பாதி சுரங்கள் அவர் விரலில் விழவே இல்லை, வயதான விரல்கள். அந்த அம்மாள் ஆடினார், ஆடினார், பலகை அதிர்ந்தது. அன்றைக்கு எனக்குப் புரிந்தது: கோவேறு கழுதைமேல் ஏறி மாமாவோடு போன பையன் வாசித்தது இந்தப் பாதங்களுக்கு. மணிக்கட்டு முதலில் பாதத்துக்குக் கடன்பட்டது, சுரங்களெல்லாம் அதற்கு அப்புறம்.

நீங்கள் ஒருவேளை ஃபிராங்க் வேக்ஃபீல்டின் கதையைக் கேள்விப்பட்டிருக்கலாம். மன்றோவை அச்சாகப் பிடித்து வாசித்தவர். நீ என்னைப் போலவே வாசிக்கிறாய், இனி போய் உன்னுடையதைக் கண்டுபிடி என்று மன்றோவே அவரிடம் சொன்னாராம். இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு முதல் வருடத்திலேயே ‘என் பாணி’ என்று கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். நீங்கள் அப்படிப் போய்விடாதீர்கள். மன்றோ அதைச் சொன்னது முழுக்கப் பிடித்து முடித்தவரிடம்.

பெரியவர் இறந்த செய்தியை அந்த அம்மாள்தான் போனில் சொன்னார். நான் அப்போது சென்னைக்கு வந்துவிட்டிருந்தேன். எனக்குப் பேச்சு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “இப்பவும் வாசிக்கிறாயா?” என்று கேட்டார். வாசிக்கிறேன் என்றேன். “ஓடாதே” என்றார்.

எத்தனை மாதம் என்று கேட்டீர்கள். ‘ராஹைட்’டை மூட்டை கட்டி வையுங்கள். அங்கிள் பென் பாட்டின் 1950-ஆம் வருடப் பதிவை முழு வேகத்தில் போட்டு, அதோடு சாப் மட்டும் வாசியுங்கள். ஃபிடில் வரும் இடங்களில் மாண்டலினைக் கீழே வைத்துவிட்டு வில் எங்கே திரும்புகிறது என்று மட்டும் கேளுங்கள். அப்புறம் மன்றோவின் குழுவில் இருந்த கென்னி பேக்கர் ஃபிடில் வாசிக்கும் ‘ஜெருசலேம் ரிட்ஜ்’. அது மன்றோ இயற்றிய மெட்டு. மாண்டலின்காரர் தன் மெட்டை ஃபிடிலிடம் கொடுத்துக் கேட்டிருக்கிறார், அந்த வில்லையும் அதே மாதிரி கேளுங்கள். சந்தேகம் வந்தால் எழுந்து நின்று வீட்டுத் தரையில் குதிகாலைத் தட்டிப் பாருங்கள்.

தை மாதம் எனக்கு ஒரு பதிவு அனுப்புங்கள். பத்து நிமிடம், சாப் மட்டும். சோலோ இருந்தால் கேட்க மாட்டேன்.

அன்புடன்.