மறைத்துவைத்த ஒரு பாவமும் பொதுப் பாவசங்கீர்த்தனமும்

கேள்வி: மதிப்பிற்குரிய தந்தை அவர்களுக்குத் தோத்திரம். எனக்கு வயது 54. என்னுடைய 19ஆம் வயதில் செய்த ஒரு சாவான பாவத்தை (இறையருளை இழக்கச் செய்யும் கனமான பாவத்தை) வெட்கத்தினால், குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதன்பிறகு ஆண்டுதோறும் மற்றப் பாவங்களைச் சொல்லித் திருப்பலியில் நற்கருணையும் வாங்கி வருகிறேன். அந்த ஒன்று மட்டும் நாவில் வரவில்லை. அடுத்த மாதம் செபத்திற்காக ஒதுங்கியிருக்கும் தியானத்தில் பொதுப் பாவசங்கீர்த்தனம் செய்ய விரும்புகிறேன். 35 ஆண்டுகளை எப்படி நினைவுக்குக் கொண்டுவருவது? எதிலிருந்து தொடங்குவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, இத்தனை ஆண்டுகள் தனியாகச் சுமந்ததை எழுதும் அளவுக்கு வந்துவிட்டீர்கள், கடினமான பாதி முடிந்துவிட்டது.

பொதுப் பாவசங்கீர்த்தனம் என்பது திருப்பலித் தொடக்கத்தில் எல்லாரும் சேர்ந்து சொல்லும் பாவ அறிக்கை அன்று. வாழ்நாள் முழுவதிலும் அல்லது அதன் ஒரு பகுதியிலும் செய்த பாவங்களை ஒரே குருவானவரிடம் மொத்தமாக அறிக்கையிடுவதே அது. முன்பே நன்றாகப் பாவசங்கீர்த்தனம் செய்தவர்களுக்கு அது கட்டாயமில்லை, மன்னிக்கப்பட்டது மன்னிக்கப்பட்டதுதான். மன்னிப்புக் கிடைத்ததா என்று ஓயாமல் கலங்கும் மனமுடையவர்களை நான் இதற்கு அனுப்புவதே இல்லை, ஏனெனில் அவர்களுடைய கலக்கம் இதனால் கூடும். ஆனால் உங்கள் நிலை வேறு. சாவான பாவம் என்று தெரிந்தே ஒன்றை மறைக்கும்போது அந்தப் பாவசங்கீர்த்தனமே செல்லாததாகிறது. அதே மறைப்போடு தொடர்ந்து செய்தவையும் அப்படியே. ஆகவே மறைத்ததை மட்டும் அன்றி, அன்றுமுதல் செய்த சாவான பாவங்களையும், அந்நிலையில் நற்கருணை வாங்கியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதற்காகத் தியானம்வரை காத்திருக்க வேண்டாம் என்பது என் ஆலோசனை. இந்த வாரமே ஒரு குருவானவரிடம் நேரம் கேளுங்கள். அதுவரை நற்கருணை வாங்காதிருங்கள். பங்குத்தந்தையிடம் கூச்சமாக இருந்தால் உங்களை அறியாத குருவானவரிடம் செல்லலாம். அந்த உரிமையைத் திருச்சபைச் சட்டமே தருகிறது.

செய்த பாவங்களை நினைத்துப் பார்க்கும் ஆன்ம சோதனையை ஆண்டுக்கணக்கில் தொடங்கினால் மலைப்புத்தான் மிஞ்சும். வாழ்க்கையை நீங்கள் இருந்த இடங்களாகவும் செய்த வேலைகளாகவும் பிரித்துக்கொள்ளுங்கள்: படித்த காலம், திருமணம், பிள்ளைகள் வளர்ந்த வீடு. ஒவ்வொன்றிலும் நின்று பத்துக் கட்டளைகளை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சாவான பாவங்களின் வகையையும் எண்ணிக்கையையும் சொல்ல வேண்டும் என்பது உண்மை. துல்லியமாக நினைவில்லாதபோது “சுமார் இரண்டு ஆண்டுகள், மாதம் ஒருமுறை” என்பதே போதும். நடந்த கதை வேண்டாம், பிறர் பெயர் வேண்டவே வேண்டாம். இயேசு சபையை நிறுவிய புனித லொயோலா இஞ்ஞாசியார் 1522இல் ஸ்பெயினின் மொன்செராத் மடத்தில் தம் பொதுப் பாவசங்கீர்த்தனத்தை எழுதிவைத்துச் செய்தார். அதற்கு மூன்று நாள்கள் ஆயின. உங்களுக்கு அவ்வளவு தேவைப்படாது. மனஸ்தாபத்திற்காக, அதாவது பாவங்களுக்காக உண்மையாக வருந்தும் மனத்திற்காகச் செபிக்கும் நேரம் மட்டும் குறையாதிருக்கட்டும்.

குருப்பட்டத்திற்கு முந்திய தியானத்தில் நானும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். கை நடுங்கியதில் என் எழுத்தே எனக்குப் புரியவில்லை. முதிய குருவானவர், “தாளை மடித்து வையுங்கள் தம்பி, எது அதிகம் கனக்கிறதோ அதை முதலில் சொல்லுங்கள்” என்றார். நானும் உங்களுக்கு அதையே சொல்கிறேன். முழந்தாளிட்டதும், “சுவாமி, 35 ஆண்டுகளாக ஒரு பாவத்தை வெட்கத்தால் மறைத்திருக்கிறேன், சொல்ல உதவி செய்யுங்கள்” என்று தொடங்குங்கள். அதைக் கேட்ட எந்தக் குருவானவரும் மற்றதைக் கேள்விகளால் எளிதாக்கிவிடுவார். கேட்டதை எவரிடமும், எக்காரணத்தாலும் அவர் வெளியிட முடியாது. நேரடியாக வெளியிடுபவர் அந்தச் செயலாலேயே திருச்சபையிலிருந்து விலக்கப்படும் தண்டனைக்கு உள்ளாகிறார்.

பாவமன்னிப்புப் பெற்றபின் குருவானவர் கொடுத்த அபராதத்தை, அதாவது பாவப் பரிகாரமாகச் செய்யச் சொன்னதைத் தாமதிக்காமல் நிறைவேற்றுங்கள். பாவங்களை எழுதிக்கொண்டு போயிருந்தால் அந்தத் தாளை அன்றே கிழித்துவிடுங்கள். சில நாள்கள் கழித்து, மறந்துபோன ஒரு பாவம் நினைவுக்கு வரலாம். அதற்காக எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டாம். கவனமாகச் சோதித்தும் நினைவுக்கு வராதவை அந்த அறிக்கையிலேயே அடங்கிவிடுகின்றன என்று திருச்சபையின் ஆயர்கள் கூடிய திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1551இல் போதித்தது. மறந்தது சாவான பாவமானால் அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்லுங்கள். அதுவரை தயங்காமல் நற்கருணை வாங்கலாம்.