போக்கர் மேசையில் செல்போன்: கேள்வி – பதில்

லாஸ் வேகஸ் பக்கம் போகும் வாசகர்கள் சிலர், அங்குள்ள போக்கர் அறைகளில் முதல்முறை உட்காரும் முன் கேட்டவை.

டோர்னமென்ட்டில் ஆடும்போது வீட்டிலிருந்து போன் வந்தால், உட்கார்ந்த இடத்திலேயே மெதுவாகப் பேசலாமா?

கூடாது. பெரும்பாலான டோர்னமென்ட்டுகள் பின்பற்றும் டிடிஏ (போக்கர் போட்டி இயக்குநர்கள் சங்கம்) விதிகளின்படி, மேசையில் இருந்துகொண்டு போனில் பேசவே கூடாது. எழுந்து தள்ளிப் போய்ப் பேசலாம். ஆனால் தொடக்கச் சீட்டுகளில் கடைசிச் சீட்டு விழும் நேரத்தில் நீங்கள் நாற்காலியில் இல்லை என்றால், உங்கள் சீட்டை டீலர் அப்போதே எடுத்துவிடுவார். ஓடி வந்து எட்டிப் பார்க்கவும் முடியாது. பிளைண்டும் (முறை வைத்து இருவர் சீட்டு வரும் முன்பே வைக்கும் கட்டாயப் பந்தயம்) ஆன்டியும் (ஆட்டத்துக்கான கட்டாயத் தொகை) மட்டும் தவறாமல் போகும்.

பேசியே ஆக வேண்டுமென்றால், பிக் பிளைண்ட் (இரண்டு பிளைண்டில் பெரியது) உங்களுக்கு வருவதற்கு முந்தைய இரண்டு ஆட்டங்களில் எழுந்திருங்கள். அந்த இடங்களில் முதலில் முடிவு சொல்ல வேண்டியவர்களில் நீங்களும் ஒருவர். பெரும்பாலான சீட்டுகளை எப்படியும் ஃபோல்டு செய்வீர்கள், அதாவது ஆடாமல் விட்டுவிடுவீர்கள். நான்கு நிமிடம் கிடைக்கும். அதைத் தாண்டினால் பிக் பிளைண்ட் போச்சு. பட்டன் (கடைசியாக முடிவு சொல்லும் நல்ல இடத்தைக் காட்டும் வில்லை) உங்களிடம் இருக்கும்போது எழுந்து போவது பெரிய நஷ்டம்.

கேஷ் கேமில் (டோர்னமென்ட் அல்லாமல் நேரடிப் பணத்துக்கு ஆடுவது) இப்படிச் செலவு இல்லை. நீங்கள் இல்லாதபோது பிளைண்ட் வந்தால், 'மிஸ்டு பிளைண்ட்' (தவறிய பிளைண்ட்) என்ற வில்லையை டீலர் உங்கள் முன் வைப்பார். 1–3 டாலர் மேசையில் (சின்ன பிளைண்ட் 1, பிக் பிளைண்ட் 3) இரண்டு பிளைண்டையும் தவறவிட்டிருந்தால், திரும்பி வந்து உடனே ஆட 4 டாலர் வைக்க வேண்டும். அதில் 3 டாலர் உங்கள் பந்தயக் கணக்கில் சேரும், 1 டாலர் நேராக நடுவில் குவியும் பொதுப் பணத்தில் போய்விடும். அவசரமில்லை என்றால் பிக் பிளைண்ட் சுற்றி வரும்வரை காத்திருங்கள்.

என் முறை வரும்வரை வாட்ஸாப் பார்த்தால் யாருக்கு என்ன கெடுதல்?

முதல் கெடுதல் உங்களுக்கே. எதிராளியின் பந்தயம் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு 'கால்' (அதே தொகையை நானும் வைக்கிறேன்) சொல்வது உங்கள் பொறுப்பு. தலை நிமிர்ந்து, நூறு டாலர் என்று நினைத்துக் 'கால்' சொல்கிறீர்கள். அவர் நானூறு வைத்திருக்கிறார். நானூறையும் நீங்கள் கொடுத்தாக வேண்டியிருக்கும். பக்கத்து ஆள் தவறாகச் சொன்னார் என்ற சமாதானமும் எடுபடாது. காதில் ஹெட்போன் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். யாரோ ரெய்ஸ் (பந்தயத்தை உயர்த்துவது) சொன்னது கேட்காமல் முறை தவறி முடிவு சொல்லிவிடுவீர்கள். உங்களுக்கு முந்தியவர் செக் (பந்தயம் வைக்காமல் கடத்துவது), கால், ஃபோல்டு என்று போனால், முறை தவறிச் சொன்ன சொல் உங்களைக் கட்டுப்படுத்தும்.

மற்றவர்களுக்கும் நஷ்டம் உண்டு. ஒரு ஆட்டம் இரண்டு நிமிடம் என்று வைத்தால் மணிக்கு 30 ஆட்டம். ஒன்பது பேரும் போனிலிருந்து கண்ணை எடுக்க ஆளுக்கு மூன்று நொடி கூடுதலாக எடுத்தால் அது 24 ஆகிவிடும். பொறுமை இழந்த யாராவது 'க்ளாக்' (நேரக் கெடு) கேட்பார். மேசைகளை மேற்பார்க்கும் ஃப்ளோர் அதிகாரி வந்து 25 நொடி தருவார், அப்புறம் ஐந்து நொடி எண்ணுவார். பந்தயத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அதற்குள் முடிவு சொல்லாவிட்டால் சீட்டு போய்விடும்.

போனை மேசைத் துணி மேல் வைக்கலாமா?

வேண்டாம். டீலர் சீட்டைத் தாழ்வாக வீசுவார். அது போன் விளிம்பில் இடித்துப் புரண்டால் முகம் தெரிந்துவிடும். அப்படித் தெரிந்த சீட்டுக்கு வேறு சீட்டு கொடுப்பார்கள், நிலைமையைப் பொறுத்து மொத்தமாக மீண்டும் பகிரவும் நேரலாம். இன்னொன்று பலருக்குத் தோன்றாது. அணைந்த திரை கறுப்புக் கண்ணாடி போல, மேலே போகும் சீட்டின் முகத்தைக் காட்டும். நீங்கள் நல்லவராகவே இருந்தாலும் சந்தேகம் வரும். போன் சட்டைப்பையிலோ மடியிலோ இருக்கட்டும்.

நண்பரும் நானும் ஒரே மேசையில். தமிழில் பேசிக்கொண்டால் தப்பா?

ஆட்டம் நடக்கும்போது ஆங்கிலம் மட்டும். இருவர் கூட்டுச் சேர்ந்து ஆடுவதைத் தடுக்கத்தான் இந்த விதி. 'சாப்பிட்டியா' என்பதும் 'என்கிட்ட ரெண்டு ராஜா இருக்கு' என்பதும் டீலருக்கு ஒன்றுபோலத்தான் கேட்கும். ஆட்டங்களுக்கு இடையில் சில அறைகள் விட்டுவிடும், சில விடாது. டீலரிடம் முன்னாலேயே கேளுங்கள். ஒருவருக்கொருவர் மெசேஜ் அனுப்புவது அதைவிட மோசம். சீட்டைப் படம் எடுத்து அனுப்புவதை நினைக்கவே வேண்டாம்.

கணக்குப் போடும் செயலியை மேசையில் திறக்கலாமா?

உயிருள்ள சீட்டு (இன்னும் ஃபோல்டு செய்யாதது) கையில் இருக்கும்போது, எந்த ஆப்பும் அட்டவணையும் ஆகாது. ஒரு சீட்டுக்கு ஒரு மூளை என்பது பழைய விதி. நம் ஊர் ரம்மியில் முதுகுக்குப் பின்னால் நின்று யோசனை சொல்பவரைச் சகித்துக்கொள்வோம், அங்கே வெளியேற்றுவார்கள். 2024 உலக போக்கர் தொடரின் முதன்மைப் போட்டி இறுதி மேசையில், வென்றவரின் நண்பர்கள் பார்வையாளர் பகுதியில் மடிக்கணினியோடு இருந்தது பெரிய சர்ச்சையானது. அடுத்த ஆண்டு அங்கே மின்கருவி விதிகள் இறுகின. லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் 1985 முதலே, சூதாட்டத்தில் நிகழ்தகவு கணக்கிடும் கருவியைப் பயன்படுத்துவது கிரிமினல் குற்றம்.

பக்கத்து ஆள் சத்தமாக வீடியோ பார்க்கிறார். எப்படிச் சொல்வது?

அவரிடம் சொல்ல வேண்டாம், டீலரிடம் தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். பக்கத்து ஆள் கேட்காவிட்டால் டீலரே ஃப்ளோர் அதிகாரியைக் கூப்பிடுவார். நடுவில் பணம் இருக்கும்போது மட்டும் இதை ஆரம்பிக்காதீர்கள்.