அட்மின் நானே, அனுமதி யாரிடம்? – சிஸ்டம் கோப்புகள்: கேள்வி-பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, இயங்குதளம் பாதுகாத்து வைத்திருக்கும் கோப்புகளைத் திருத்தும்போது எழும் அனுமதிப் பிழைகளைப் பற்றியவை. எல்லோருக்கும் பொதுவாக ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மறுப்பது யார் என்று அறிவதற்கு முன் அனுமதிகளை அள்ளி வழங்கிவிடாதீர்கள். தடுப்பது கோப்பின் உரிமை அமைப்பா, இயங்குதளத்தின் காவல் ஏற்பாடா, பழுதான வட்டா என்பதைப் பிழைச் செய்தியின் சொற்களே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: விண்டோஸ் 11-இல் ஹோஸ்ட்ஸ் கோப்பில் (இணையப் பெயர்களுக்கு உரிய ஐபி முகவரிகளைக் குறிக்கும் கோப்பு) ஒரு வரி சேர்க்க வேண்டும். என்னுடையது அட்மின் கணக்குதான். ஆனாலும் நோட்பேட் சேமிக்க மறுக்கிறது. ஏன்?

பதில்: 2007-இல் விற்பனைக்கு வந்த விஸ்டா தொடங்கி, அட்மின் கணக்கில் நுழைபவருக்கு விண்டோஸ் இரண்டு டோக்கன்களை (நிரலுக்கு என்ன அதிகாரம் உண்டு என்று காட்டும் அடையாளச் சீட்டுகள்) உருவாக்குகிறது, நீங்கள் வழக்கம்போல் திறக்கும் நிரல்கள் அனைத்தும் அதிகாரம் குறைக்கப்பட்ட டோக்கனுடனேயே இயங்குகின்றன. எனவே ஸ்டார்ட் மெனுவில் நோட்பேடைத் தேடி, வலது கிளிக் செய்து, ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்பதைத் தேர்ந்தெடுத்துத் திறவுங்கள். பிறகு அதன் ஃபைல் மெனு வழியாக, சி டிரைவின் விண்டோஸ் கோப்புறையில் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி என்று செல்லுங்கள். அங்கே கோப்புறை காலியாகத் தெரிந்தால் திகைக்க வேண்டாம். ஹோஸ்ட்ஸ் கோப்புக்குப் பின்னொட்டு கிடையாது என்பதால், கீழே ‘ஆல் ஃபைல்ஸ்’ என்று மாற்றினால்தான் அது கண்ணில் படும்.

அதிகாரம் இல்லாத நோட்பேட், “இங்கே சேமிக்க அனுமதியில்லை, டாக்குமென்ட்ஸில் சேமிக்கட்டுமா?” என்று கேட்பதுண்டு. அதற்குச் சம்மதித்தவர்களின் திருத்தம் ‘ஹோஸ்ட்ஸ்.டெக்ஸ்ட்’ என்ற பெயரில் எங்கோ கிடக்கும். அதையே ஈடிசி கோப்புறைக்கு நகர்த்தினாலும் விண்டோஸ் அதைப் பொருட்படுத்தாது. இத்தனைக்குப் பிறகும் மறுப்பு வந்தால், கோப்பின் ‘ரீட்-ஒன்லி’ குறி போடப்பட்டிருக்கிறதா, வைரஸ் தடுப்பு மென்பொருள் குறுக்கிடுகிறதா என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட்டின் தகவல் சேகரிப்புச் சர்வர்களை மறிக்கும் வரிகளை ஹோஸ்ட்ஸில் எழுதினால், டிஃபெண்டர் அதை அச்சுறுத்தல் என்று அறிவித்துக் கோப்பைப் பழைய நிலைக்குத் திருப்பக்கூடும்.

கேள்வி: சிஸ்டம்32-இல் ஒரு டிஎல்எல் (நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல்தொகுப்பு) கோப்பை மாற்ற முயன்றால், ‘டிரஸ்டட்இன்ஸ்டாலரிடம் அனுமதி பெற வேண்டும்’ என்கிறது. யார் இந்த டிரஸ்டட்இன்ஸ்டாலர்?

பதில்: அது ஆள் அல்ல; அப்டேட்டுகளை நிறுவும் ‘விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர்’ என்ற சேவையின் அடையாளம். முக்கியமான சிஸ்டம் கோப்புகளின் உரிமை விஸ்டா முதல் அதனிடமே இருக்கிறது. அட்மின் குழுவுக்குப் படிக்கவும் இயக்கவும் மட்டுமே உரிமை உண்டு. ஆகவே முந்தைய கேள்வியில் சொன்ன வழி இங்கே செல்லாது.

முதலில் இந்த மாற்றம் தேவைதானா என்று யோசியுங்கள். ஏதோ ஓர் இணையதளத்தில் இறக்கிய டிஎல்எல்லைத் திணிப்பதற்காகவே பலர் இந்தச் சிக்கலில் மாட்டுகிறார்கள். அந்தக் கோப்பில் என்ன இருக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பேற்கப் போவதில்லை. கோப்பு பழுதாகியிருக்கும் என்ற ஐயம்தான் காரணம் என்றால், அட்மின் உரிமையுடன் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் முதலில் டிஸ்ம் கட்டளையை ‘ரெஸ்டோர்ஹெல்த்’ விருப்பத்துடனும், அடுத்து எஸ்எஃப்சி கட்டளையை ‘ஸ்கேன்நவ்’ விருப்பத்துடனும் இயக்குங்கள். எஸ்எஃப்சி நல்ல பிரதியை எடுக்கும் களஞ்சியத்தையே டிஸ்ம் சீராக்குகிறது என்பதால்தான் இந்த வரிசை.

மாற்றியே தீர வேண்டும் என்றால், டேக்ஓன் கட்டளையால் அந்த ஒரு கோப்பின் உரிமையை எடுத்து, ஐகேக்கல்ஸ் கட்டளையால் அட்மின் குழுவுக்கு முழு அனுமதி கொடுத்து, மூலக் கோப்புக்கு ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு வேலையை முடியுங்கள். ஆரம்பத்திலேயே ஐகேக்கல்ஸின் ‘சேவ்’ விருப்பத்தால் பழைய அனுமதிப் பட்டியலைச் சேமித்து வைத்தால், பின்னர் ‘ரெஸ்டோர்’ மூலம் அதை மீட்கலாம். ஆனால் உரிமையாளர் யார் என்பது அதில் சேமிக்கப்படுவதில்லை. அதனால் ப்ராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி, அட்வான்ஸ்ட், ஓனர் என்று சென்று உரிமையைத் தனியே திருப்பித் தர வேண்டும். அங்கே வெறுமனே ‘டிரஸ்டட்இன்ஸ்டாலர்’ என்று தட்டினால் அப்படி ஒருவர் இல்லை என்று பதில் வரும்; முன்னால் ‘என்டி சர்வீஸ்’ என்று எழுதி, ஒரு பின்சாய்வுக் கோடிட்டு, அதன் பிறகே அந்தப் பெயரைத் தட்ட வேண்டும். விண்டோஸ் கோப்புறை முழுவதற்கும் உரிமை எடுக்கச் சொல்லும் ‘ஒரே கிளிக்’ கருவிகளை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: ப்ரோகிராம் ஃபைல்ஸில் உள்ள ஓர் அமைப்புக் கோப்பைப் பழைய எடிட்டர் ஒன்றில் திருத்தினேன். பிழை எதுவும் வரவில்லை, ஆனால் மாற்றமும் நிகழவில்லை.

பதில்: உங்கள் திருத்தம் வர்ச்சுவல்ஸ்டோரில் இருக்கிறது. பழைய 32-பிட் நிரல்கள் பாதுகாக்கப்பட்ட இடத்தில் எழுத முயலும்போது, விண்டோஸ் அதை மறுக்காமல், உங்கள் பயனர் கோப்புறையின் ஆப்டேட்டா, லோக்கல், வர்ச்சுவல்ஸ்டோர் என்ற இடத்துக்குத் திருப்பிவிடுகிறது. அங்குள்ள பிரதியை அழித்துவிட்டு, அட்மின் உரிமையுடன் திறந்த எடிட்டரில் மறுபடி திருத்துங்கள்.

கேள்வி: உபுண்டு லினக்ஸில் ‘சூடோ எக்கோ’ என்று தொடங்கி, > குறியிட்டு ஈடிசி கோப்பு ஒன்றில் எழுதினால், ‘பெர்மிஷன் டினைட்’ வருகிறதே?

பதில்: அந்தக் குறியைக் கையாள்வது, கட்டளையை நிர்வாகி அதிகாரத்துடன் இயக்கும் சூடோ அல்ல; நீங்கள் தட்டும் கட்டளைகளைப் படித்து இயக்கும் ஷெல். சூடோ தொடங்குவதற்கு முன்பே, ஷெல் உங்கள் சாதாரண உரிமையுடன் கோப்பைத் திறக்க முயன்று தோற்றுவிடுகிறது. எக்கோவின் வெளியீட்டைப் பைப் (|) வழியாக, பெற்றதைக் கோப்பில் எழுதும் ‘சூடோ டீ’ கட்டளைக்கு அனுப்புங்கள். இருப்பதை அழிக்காமல் இறுதியில் சேர்க்க வேண்டுமானால் டீயுடன் ‘-ஏ’ விருப்பத்தை மறக்காமல் இடுங்கள்.

கேள்வி: ரூட்டாக (லினக்ஸின் முழு அதிகாரக் கணக்கு) நுழைந்தும் ஒரு கோப்பை அழிக்க முடியவில்லை. ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’ என்கிறது.

பதில்: இது ‘பெர்மிஷன் டினைட்’ அன்று என்பதைக் கவனியுங்கள். எல்எஸ்ஆட்டர் கட்டளையை அந்தக் கோப்பின் மீது இயக்கினால், வரிசையாகக் கோடுகள் தெரியும். அவற்றின் நடுவே ஆங்கிலச் சிறிய ‘ஐ’ எழுத்து நின்றால், கோப்பை யாரும் மாற்றவோ அழிக்கவோ முடியாதபடி யாரோ பூட்டியிருக்கிறார்கள் என்று பொருள். ரூட் கூட முதலில் அந்தப் பூட்டைத் திறந்தாக வேண்டும்; ‘சிஎச்ஆட்டர் -ஐ’ அதைச் செய்யும். பெயர்த் தீர்வுக்கான ரிசால்வ்.கான்ஃப் கோப்பை நெட்வொர்க் மென்பொருள் மாற்றி எழுதாமலிருக்க, முன்பிருந்த நிர்வாகி இப்படிப் பூட்டிவிட்டுச் சொல்லாமல் போயிருப்பது சர்வர்களில் அடிக்கடி காணக் கிடைப்பதுதான்.

செய்தியில் ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்று இருந்தால் கதை வேறு. வட்டில் பிழை கண்ட கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), சேதம் பரவாதிருக்க அதைப் படிக்க மட்டும் அனுமதிக்கும் நிலைக்கு மாற்றியிருக்கலாம். உடனே எழுதும் நிலைக்குத் திருப்பாமல், கர்னலின் செய்திகள் உள்ள டிமெசேஜ் பதிவைப் பார்த்து, தரவுக்குப் பிரதி எடுத்துவிட்டு, வட்டைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே கட்டளையை இயக்குங்கள்.

கேள்வி: அனுமதித் தொல்லை தாங்காமல் ஈடிசி, யுஎஸ்ஆர் கோப்புறைகள் இரண்டுக்கும் ‘சிஎச்மாட் 777’ (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) என்று உள்ளடக்கம் முழுவதற்கும் கொடுத்துவிட்டேன். இப்போது சூடோவே வேலை செய்யவில்லை.

பதில்: ஈடிசியோடு நின்றிருந்தால்கூட ஓரளவு சமாளிக்கலாம். யார் சூடோவைப் பயன்படுத்தலாம் என்று குறிக்கும் சூடோயர்ஸ் கோப்பில் யாரும் எழுதலாம் என்ற நிலை வந்ததும் சூடோ அதை நம்ப மறுக்கிறது. சூடோவைப் போலவே அதிகாரம் தரும் பிகேஎக்ஸெக் மூலம் அக்கோப்பின் அனுமதியை 0440 என்று மாற்றினால் சூடோ திரும்பியிருக்கும். ஆனால் யுஎஸ்ஆரையும் தொட்டுவிட்டதால், சூடோ, பிகேஎக்ஸெக் இரண்டின் நிரல் கோப்புகளிலும் இருந்த செட்யுஐடி பிட் (கோப்பின் உரிமையாளரது அதிகாரத்தில் நிரலை இயக்கும் குறி) அழிந்துவிட்டது. அது இல்லாமல் அவற்றால் ரூட் அதிகாரம் பெற இயலாது. ரெக்கவரி மோடில் ரூட் ஷெல்லைத் திறந்து அந்தப் பிட்டை மீட்கலாம் என்றாலும், கடவுச்சொல் சுருக்கங்கள் உள்ள ஷேடோ கோப்பு முதல் எஸ்எஸ்எச் சாவிகள் வரை, எதற்கு எந்த அனுமதி இருந்தது என்று ஒவ்வொன்றாகத் தேடிச் சீராக்குவது வீண் உழைப்பு. ஆர்பிஎம் பேக்கேஜ் முறை சார்ந்த ஃபெடோரா போன்றவற்றில் பேக்கேஜ் பதிவிலிருந்து அனுமதிகளை மீட்கும் ‘செட்பெர்ம்ஸ்’ விருப்பம் உண்டு. உபுண்டுவில் ஹோம் கோப்புறைக்குப் பிரதி எடுத்துவிட்டு மறுபடி நிறுவுவதே என் பரிந்துரை.

கேள்வி: மேக்கில் யுஎஸ்ஆர்/பின் கோப்புறையில் சூடோ போட்டும் எதையும் மாற்ற முடியவில்லை. வழி உண்டா?

பதில்: 2015-இல் எல் கேபிடன் பதிப்போடு வந்த சிஸ்டம் இன்டெக்ரிட்டி புரொடெக்ஷன், ரூட்டையும் அங்கே எழுத விடுவதில்லை. 2019-இல் கேட்டலினா சிஸ்டம் பகுதியையே படிக்க மட்டுமான தனி வால்யூமாக்கியது; 2020-இல் பிக் சர் அதற்குக் குறியாக்க முத்திரையும் இட்டது. எனவே ரெக்கவரியில் ‘சிஎஸ்ஆர்யூட்டில்’ மூலம் காவலை நீக்கச் சொல்லும் பழைய குறிப்புகள் மட்டும் இன்று போதா. உங்கள் கருவியை யுஎஸ்ஆர் லோக்கலில் வைத்து, கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியலான பாத் மாறியில் அந்த இடத்தை முன்னால் சேருங்கள். சிஸ்டத்தின் கோப்பைத் தொடாமலேயே உங்களுடையது முதலில் இயங்கும். இதே மறுப்பு உங்கள் சொந்த டாக்குமென்ட்ஸ் கோப்புறைக்கு டெர்மினலில் வந்தால், தனியுரிமை அமைப்புகளில் டெர்மினலுக்கு ‘ஃபுல் டிஸ்க் ஆக்சஸ்’ கொடுத்தாலே போதும்.