நிறுத்தி வைத்த கார் எப்படித் தீப்பிடிக்கும்? ரீகால் என்றால் என்ன?

பாதுகாப்புக் குறை தெரியவந்ததும், தயாரித்த நிறுவனமே அந்த வண்டிகளை அழைத்துச் சரிசெய்து தருவதுதான் ரீகால்.

சரி, அணைத்த கார் ஏன் எரிகிறது? சாவியை எடுத்த பிறகும் பேட்டரியிலிருந்து சில பாகங்களுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். விளக்கை அணைத்தாலும் சுவிட்ச் வரை மின்சாரம் வந்துகொண்டே இருக்கிறதே, அப்படி.

2023 செப்டம்பரில் அமெரிக்காவில் ஹூண்டாயும் கியாவும் சுமார் 34 லட்சம் வண்டிகளுக்கு ரீகால் அறிவித்தன. ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) பாகத்துக்குள் பிரேக் திரவம் கசிந்தால் ஷார்ட் சர்க்யூட் ஆகித் தீப்பிடிக்கலாம், எஞ்சின் ஓடாதபோதும். அதனால் சரிசெய்யும்வரை வீட்டைவிட்டுத் தள்ளி, வெட்டவெளியில் நிறுத்தச் சொன்னார்கள். எல்லோரும் தூங்கும் நேரத்திலும் தீ பிடிக்கலாம் என்பதால், உங்கள் வண்டிக்கு இப்படி ரீகால் வந்தால், தயவுசெய்து சரிசெய்வதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ரீகால் என்றால் காரையே திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். அந்த ரீகாலில் ஒரு ஃபியூஸைத்தான் இலவசமாக மாற்றினார்கள்.