நர்சிங் வார்த்தைகளை வேர்ச்சொல் வழியாகப் படிக்கலாமா?

கேள்வி: என் ஊர் பாலக்கோடு பக்கம். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். இப்போது கிருஷ்ணகிரியில் பி.எஸ்சி. நர்சிங் முதலாம் ஆண்டு. நெஃப்ரைட்டிஸ், ஹெப்படைட்டிஸ், டேக்கிகார்டியா என்று பக்கத்துக்குப் பக்கம் புது வார்த்தைகள். இரவு மனப்பாடம் செய்தால் காலையில் பாதி மறந்துவிடுகிறது. லத்தீன், கிரேக்க வேர்ச்சொல் தெரிந்தால் சுலபம் என்று சொல்லி, சீனியர் அக்கா ஒருவர் ஐந்நூறு வேர்கள் கொண்ட பட்டியலைக் கொடுத்திருக்கிறார். அதை முழுக்கப் படித்துவிடட்டுமா?

பதில்: அந்தப் பட்டியலை இப்போதைக்குப் பெட்டியில் வையுங்கள். அக்கா காட்டிய வழி சரியான வழிதான். உங்கள் படிப்புக்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் வேர்களை வரிசையாக நெட்டுரு போட்டால், புரியாத ஆங்கில வார்த்தை இருந்த இடத்தில் புரியாத கிரேக்க வார்த்தை வந்து உட்காரும், அவ்வளவுதான். சுமை குறையாது.

பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதியிருப்பீர்கள். ‘நடந்தான்’ என்றால் நட + த்(ந்) + த் + ஆன். ‘நட’ பகுதி, ‘ஆன்’ விகுதி. பகுதி பொருளைச் சொல்லும். விகுதியைப் பார்த்தால் ஆணா பெண்ணா என்பது தெரிந்துவிடும். அதே கண்ணோடு நெஃப்ரைட்டிஸைப் பாருங்கள். ‘நெஃப்ர்’ என்பது பகுதி, கிரேக்கத்தில் சிறுநீரகம். ‘ஐட்டிஸ்’ என்பது விகுதி மாதிரி, அழற்சி என்று பொருள். சிறுநீரக அழற்சி. இந்த விகுதி ஒன்று கைக்கு வந்துவிட்டால் ஹெப்படைட்டிஸ் கல்லீரல் அழற்சி, கேஸ்ட்ரைட்டிஸ் இரைப்பை அழற்சி, ஆர்த்ரைட்டிஸ் மூட்டு அழற்சி. இப்போது விகுதியை மட்டும் மாற்றுங்கள். ‘எக்டமி’ என்றால் வெட்டி எடுத்தல். நெஃப்ரெக்டமி, கேஸ்ட்ரெக்டமி இரண்டுக்கும் பொருளை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

நீளமான வார்த்தையைப் பெரும்பாலும் வால் பக்கமிருந்து படிப்பது நல்லது. ஹைப்போகிளைசீமியா: ‘ஈமியா’ இரத்தம், ‘கிளைக்’ இனிப்பு, ‘ஹைப்போ’ கீழே. இரத்தத்தில், இனிப்பு, குறைவு. தமிழில் நாம் பேசும் வரிசையும் இதுதான். வார்டில் தினமும் பார்க்கும் ஹைப்போடெர்மிக் ஊசியில் இருப்பதும் அதே ‘ஹைப்போ’. ‘டெர்ம்’ தோல், ஆகவே தோலுக்குக் கீழே போடும் ஊசி. டேக்கிகார்டியாவில் ‘டேக்கி’ வேகம், ‘கார்டியா’ இதயம். அதற்கு எதிரான ‘பிராடி’ மெதுவாக.

ஒரே உறுப்புக்கு இரண்டு பெயர் வரும்போது குழம்பாதீர்கள். சிறுநீரகத்தை ஒரு பக்கத்தில் ‘ரீனல்’ என்பார்கள், அடுத்த பக்கத்தில் ‘நெஃப்ர்’ வரும். முதலாவது லத்தீன், இரண்டாவது கிரேக்கம். பழைய மருத்துவ நூல்களை எழுதிய ஹிப்போகிரட்டீஸ், கேலன் போன்றவர்கள் கிரேக்கத்தில் எழுதினார்கள். 1543-இல் வெசேலியஸ் தன் உடற்கூறு நூலை வெளியிட்டது லத்தீனில். இரண்டு மரபும் ஆங்கிலத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டன. உறுப்பைச் சேர்ந்தது என்று சொல்ல லத்தீன், நோய்க்கும் அறுவைக்கும் கிரேக்கம் என்பது மொத்தத்தில் பொருந்தும். விதிவிலக்குகள் உண்டு.

இனி நம் ஊர் வார்த்தை ஒன்று. தர்மபுரி மாவட்டத்தில் பிறந்தவருக்கு ஃபுளோரோசிஸ் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போர் தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்து, பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை படிந்த பிள்ளைகளோடுதான் நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். 2013-இல் தொடங்கப்பட்ட ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் அதிகாரப்பூர்வப் பெயரிலேயே இந்த நோயின் பெயர் இருக்கிறது. இதில் ‘ஓசிஸ்’ என்பது ஒரு நிலை அல்லது நோய்நிலையைக் குறிக்கும் விகுதி. பகுதிக்கு மூலம் ‘ஃபுளூயெரே’ என்ற லத்தீன் வினை, ஓடுதல், பாய்தல் என்று பொருள். பல்லில் கறை படிவதற்கும் பாய்வதற்கும் என்ன சம்பந்தம்? தாதுவை உருக்கும்போது சுலபமாக இளகி ஓடுவதற்காக ஒரு கனிமத்தைச் சேர்ப்பார்கள். ஓட வைப்பதால் அதற்கு ஃபுளோர்ஸ்பார் என்று பெயர் வந்தது. அதில் இருக்கும் தனிமத்துக்கு ஃபுளோரின் என்று பெயரிட்டார்கள், அதிலிருந்து ஃபுளோரைடு. நோயாளிக்கு ஏற்றும் ஐ.வி. ஃபுளூயிடும் இதே வேர்தான். சரளமாகப் பேசுவதைக் குறிக்கும் ஃபுளூயன்ட், இத்தாலி வழியாக வந்த இன்ஃபுளூயன்சா எல்லாம் ஒரே குடும்பம். நட்சத்திரங்களிலிருந்து ஏதோ பாய்ந்து வந்து மனிதரை நோயில் தள்ளுகிறது என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். காய்ச்சலுக்கு அந்தப் பெயர் வந்த கதை அது. இப்படி ஒரு கதையோடு வரும் வார்த்தை காலையில் மறக்காது.

கிருஷ்ணகிரியில் நீங்கள் போகும் வழியில் கிரானைட் பட்டறைகள் இருக்கும். அதன் வேர் ‘கிரானும்’, லத்தீனில் தானிய மணி. கல்லை உற்றுப் பாருங்கள், மணி மணியாகத் தெரியும். மாதுளைக்கு ஆங்கிலத்தில் பாமிகிரானேட் என்ற பெயர் வந்ததும் உள்ளே மணிகள் இருப்பதால்தான். லேப் ரிப்போர்ட்டில் கிரானுலோசைட் என்று பார்ப்பீர்களே, அது உள்ளே குறுமணிகள் கொண்ட இரத்த வெள்ளணு. (கிருஷ்ணகிரி மாம்பழத்துக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் பெயர் மட்டும் இங்கிருந்து போனது. நம் தென்னாட்டு ‘மாங்காய்’தான் போர்த்துக்கீசியர் வாயில் ‘மாங்கா’ ஆகி, ஆங்கிலத்தில் ‘மேங்கோ’ ஆனது.)

உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் இன்னொரு உதவி, தமிழில் புழங்கும் வடசொற்கள். சமஸ்கிருதமும் லத்தீனும் கிரேக்கமும் ஒரே மூலத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்று 1786-இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் பேசினார். தமிழ் அந்தக் குடும்பம் இல்லை, ஆனால் அங்கிருந்து வந்த சொற்கள் நம் வாயில் இருக்கின்றன. தந்தம் என்ற சொல்லுக்கு லத்தீன் உறவு ‘டென்ட்’, அதனால் பல் டாக்டர் டென்டிஸ்ட். பாதத்துக்கு உறவு ‘பெட்’, சைக்கிள் பெடலில் இருப்பது. தசாவதாரத்தின் தசத்துக்கு ‘டெக்கா’. தர்மபுரியின் ‘புரி’க்கும் கிரேக்க ‘போலிஸ்’ உறவுதான். மெட்ரோபோலிஸ் என்றால் தாய் நகரம்.

சரி, இந்த வழியில் சறுக்கும் இடங்களும் உண்டு. ‘பெட்’ என்றாலே பாதம் என்று முடிவு கட்டினால் பீடியாட்ரிக்ஸ் வார்டில் கால் நோயாளிகளைத் தேடுவீர்கள். அது குழந்தையைக் குறிக்கும் கிரேக்க வேர். ஆன்டிநேட்டல் வார்டின் ‘ஆன்டி’க்கு முன்பு என்று பொருள், ஆன்டிபயாட்டிக்கின் ‘ஆன்டி’க்கு எதிர் என்று பொருள். நம் காதுக்கு ஒன்றாக விழுந்தாலும் ஆங்கில எழுத்தில் கடைசி எழுத்து மாறும். ஃபுளூயிட் போலவே இருக்கிறதே என்று ‘ஃப்ளோ’வையும் அந்தக் குடும்பத்தில் சேர்க்காதீர்கள். அது பழைய ஆங்கிலச் சொல், வேறு வேர். ஹைப்போ, ஹைப்பர் இரண்டில்தான் மிகக் கவனம் வேண்டும். ஒன்று குறைவு, மற்றது மிகுதி. டாக்டர் சொன்னது சரியாகக் காதில் விழவில்லை என்றால் ஊகிக்க வேண்டாம். “எது டாக்டர்?” என்று திரும்பக் கேளுங்கள். திட்டினாலும் பரவாயில்லை, அங்கே படுத்திருப்பது ஒரு உயிர்.

நோயாளியிடமும் டாக்டரிடமும் ஆங்கிலத்தில் பேசுவதற்கு வேர்ச்சொல் அதிகம் உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாட்டர், ஹேண்ட், கம், கோ போன்ற அன்றாடச் சொற்கள் ஜெர்மானிய வழி வந்தவை. அவை பேசிப் பேசித்தான் வரும்.

எப்படித் தொடங்குவது? ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். அன்றைய பாடத்தில் வந்த வார்த்தைகளில் மூன்றே மூன்று எடுங்கள். பகுபதம் பிரிப்பதுபோல் கூட்டல் குறி போட்டுப் பிரித்து, தமிழில் பொருள் எழுதுங்கள். அகராதியைத் திறந்து, நீங்கள் பிரித்தது சரியா என்று பாருங்கள். இதை விடவே கூடாது. பிறகு அதே வேர் வரும் இரண்டு சொந்தக்கார வார்த்தைகளைப் பக்கத்தில் எழுதி, வாய்விட்டுச் சொல்லுங்கள். கிரேக்க வார்த்தைகளில் ‘ஃப’ ஒலிக்கு பி, எச் சேர்ந்து வரும், நிமோனியாவின் முன்னால் ஒலிக்காத பி நிற்கும். நீங்களே கையால் எழுதினால்தான் ஸ்பெல்லிங் படியும்.

செமஸ்டர் முடிந்ததும் அக்கா கொடுத்த பட்டியலை வெளியே எடுங்கள். நோட்டில் ஏற்கெனவே வந்துவிட்ட வேர்களை டிக் அடியுங்கள். டிக் இல்லாதவற்றில் உங்கள் அடுத்த பாடப்புத்தகத்தில் வருபவை எவை என்று மட்டும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மற்றவை அப்படியே இருக்கட்டும்.